பட்டைக்குப் பட்டை

பொன்மலை ரயில்வே பட்டறையிலிருந்து அந்தச் சாக்கு மூட்டை வந்து இறங்கிய அன்று பாம்பன் ஸ்டேஷன் யார்டில் வேலை நடக்கவில்லை, சிரிப்புதான் நடந்தது. மதார் மேஸ்திரி மூட்டையின் தையலைப் பிரித்து உள்ளே கையை விட்டு இழுத்தார். வெள்ளை வெளேரென்று இரண்டு பட்டைகள். உள்ளங்கை அகலம், ஆள் உயரத்துக்கு மேலே நீளம், இரண்டு முனையிலும் மடித்துத் தைத்த காது. கட்டிலுக்குப் பின்னுகிற நாடாவைக் கொஞ்சம் தடிமனாக நெய்து அனுப்பிவிட்டார்கள் என்றுதான் சுமை தூக்கி இறக்குகிற கலாசிகள் எல்லாரும் நினைத்தார்கள்.

“மேஸ்திரி, நாடா வந்துருச்சு. கட்டில் எப்ப வருது?” என்று ஒருவன் கேட்டான்.

“ஏலே, இத வச்சுத்தான் டீசல் எஞ்சின் சக்கரத்தத் தூக்கணுமாம்லே” என்றார் மதார். சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கலாசி சந்தியாகு ஒரு பட்டையை எடுத்துக் கழுத்தில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு, பூசைக்குப் போகிற பங்குச் சாமியாரைப் போலக் கையைக் குவித்துக்கொண்டு தண்டவாளத்தின் மேல் நடந்து காட்டினான். மதார் மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிரிக்காமல் நின்றவன் சகாயம் ஒருவன்தான். ஏனென்றால் அந்த இரண்டு பட்டைகளையும் வேலையை மேற்பார்க்கிற சார்ஜ்மேன் அவன் கையில்தான் ஒப்படைத்தார்.

அருள்மேரிக்கு இதெல்லாம் அன்று சாயங்காலம் அக்காள்மடத்து வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது அவள் புருஷன் சகாயமும் தம்பி சந்தியாகும் மாற்றி மாற்றிச் சொல்லித்தான் தெரியும். சூடை மீன் கருவாட்டைச் சுட்டு வைத்திருந்தாள். சந்தியாகு கருவாட்டைக் கடித்துக்கொண்டே சாமியார் நடை நடந்து காட்டினான்.

“சிரிக்காதலே. சாமி குத்தம்” என்றாள். ஆனால் அவளும் சிரித்தாள்.

“ஏன்க்கா, ரெண்டு பாரவண்டிக் கனம் இருக்கும் அந்தச் சக்கரமும் மோட்டாரும். கம்பி வடம் போட்டாலே முனகும். இதுல தொங்கவிடப் போறாகளாம்.”

“அப்பக் கம்பி வடத்தையே போடுறது?”

“போட்டுத்தான கெட்டோம்” என்றான் சகாயம்.

நடந்தது இதுதான். புயலடித்த மறுவருஷம் பாலத்து வேலைக்கும் ஜல்லி அடிக்கவும் புது டீசல் எஞ்சின் ஒன்றைத் தீவுக்கு அனுப்பியிருந்தார்கள். அது கரியும் தின்னாது, தண்ணீரும் குடிக்காது. ஒவ்வொரு சக்கரச் சோடிக்கும் நடுவில் ஒரு மோட்டார், அச்சைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடக்கும். கடல் ஓதம் பொங்கி ஏறிய ஒரு நாளில் உப்புத் தண்ணீருக்குள் அதை ஓட்டப்போய் ஒரு மோட்டார் கருகிவிட்டது. அதைச் சக்கரத்தோடு சேர்த்துக் கழற்றிக் கம்பி வடம் போட்டுத் தூக்கி பொன்மலைக்கு ஏற்றி அனுப்பினார்கள். போன வேகத்தில் ஏச்சு திரும்பி வந்தது. வடம் அச்சின் கழுத்தைக் கீறிவிட்டது. அந்தக் கழுத்து கண்ணாடி போல மினுங்க வேண்டும். நகக் கீறல் பட்டாலும் ஓட ஓடச் சூடேறி அச்சே ஒடிந்துவிடும் என்று எழுதியிருந்தார்களாம். அந்தச் சோடி உதவாமல் போயிற்று. இப்போது பழுது பார்த்த வேறொரு சோடி வந்து வண்டியில் கிடந்தது. அதை இறக்கி எஞ்சினுக்கு மாட்ட வேண்டும். கீறாமல் இறக்கத்தான் இந்த நைலான் பட்டை.

“சீமையில கப்பல்லாம் இதுலதான் தூக்குறானாம்” என்றான் சகாயம். “சார்ஜ்மேன் சொன்னாரு.”

“அவரு பாத்தாரா?”

“அவரும் இப்பத்தான் பாக்குறாரு.”

சகாயம் பிறந்ததிலிருந்து கடலுக்குப் போனவன். புயல் அவன் வள்ளத்தை எடுத்துக்கொண்டது. எங்கே போட்டதென்று இன்று வரைக்கும் தெரியாது. பிறகு மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? மச்சானும் மச்சினனுமாக ரயில்வேயில் தற்காலிகக் கலாசியாகச் சேர்ந்தார்கள். சந்தியாகுக்கு அது ஒரு விளையாட்டு. சகாயத்துக்கு அப்படியில்லை. வேலை நிரந்தரம் ஆனால் யார்டுக்குப் பக்கத்தில் சின்ன வீடு ஒன்று கிடைக்கும், பிள்ளைகளுக்கு ரயில் பாஸ் கிடைக்கும், அடுத்த புயலில் எடுத்துக்கொண்டு போவதற்கு ஒன்றும் இருக்காது என்று அவன் பொழுதுக்கும் கனாக் கண்டுகொண்டிருந்தான். அருள்மேரியும் அதே கனாவைத்தான் கண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவன் இரண்டு பட்டைகளையும் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கச்சான் காற்று மணலை வாரி வாரி வீட்டுக்குள் போட்டுக்கொண்டிருந்தது. யார்டில் தகரக் கொட்டகையின் கூரையை அதே காற்று முந்தின நாள் பிய்த்துப் போட்டிருந்தது, உள்ளே எலி வேறு. ஒரு பட்டை சேறும் கிரீசும் பட்டு அழுக்காக இருந்தது. வெள்ளோட்டம் பார்க்கும்போது உப்புத் தண்ணீரில் விழுந்துவிட்டது என்றான்.

“திங்கக்கெழம சக்கரத்த எறக்குறோம். அது வரைக்கும் இங்கனயே இருக்கட்டும். மேரி, இங்க பாரு. இது ரெண்டும் கெடாம இருந்தா நெரந்தரத்துக்கு மொத ஆளா எம்பேர எழுதுறேன்னுருக்காரு சார்ஜ்மேன்.”

“அழுக்க என்ன செய்ய?”

“அதான் ஒங்கிட்டக் கொண்டாந்தேன். வலை கணக்கா பேணிரு.”

சொல்லிவிட்டுப் போய்விட்டான். தங்கச்சிமடத்தில் ஒருவன் வள்ளம் கரையேற்ற ஆள் கூப்பிட்டிருந்தான்.

வலை கணக்கா பேணிரு. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்ல முடியும்? அந்தத் தெருவில் வலை பேணுவதென்றால் அருள்மேரிதான். நூல் வலையைக் கடலில் போட்டு அப்படியே விட்டால் உப்பும் வெயிலும் சேர்ந்து உளுத்துவிடும். அதற்கு வேலம்பட்டையை இடித்து, கொப்பரையில் போட்டு, தண்ணீர் கறுத்துத் துவர்க்கும் வரைக்கும் காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க வலையை அதில் முக்கி எடுத்து உலர்த்த வேண்டும். பட்டை போடுவது என்பார்கள். நூல் செம்பழுப்பாகி முறுக்கேறும். எந்த வலைக்கு எவ்வளவு நேரம், எந்தத் தண்ணீருக்கு எவ்வளவு பட்டை என்பது அவள் கைக்குத் தெரியும். அவள் பட்டை போட்ட வலையென்றால் மீனே தேடி வந்து விழும் என்று கேலி பேசுவார்கள். அந்தக் கேலியில் அவளுக்குப் பெருமை உண்டு.

அன்றைக்கும் கொல்லையில் கொப்பரை காய்ந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்து வீட்டுக் கருத்தம்மாளின் வலையை முக்கி எடுத்துக் காயப்போட்டிருந்தாள். கருத்தம்மாள் வேலி ஓரமாய் நின்று பட்டைகளைப் பார்த்தாள்.

“என்னக்கா இது, பாவாட நாடாவா?”

“ரயிலுப் பட்டை. இனிமே இதுக்கும் நாமதான் பட்டை போடணும்போல.”

“பட்டைக்குப் பட்டையா!” என்று கருத்தம்மாள் சிரித்தாள்.

அழுக்குப் பட்டையை நல்ல தண்ணீர்க் கிணற்றில் இறைத்த தண்ணீரில் அலசினாள். கிரீசு போனது. அதோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை. உப்புத் தண்ணீரில் விழுந்த சாமானாயிற்றே, வெறும் அலசலில் விட்டால் பேணியதாகுமா? சுருட்டிக் கொப்பரையில் போட்டாள். வழக்கமாக விடுகிற நேரம் விட்டு எடுத்துப் பார்த்தால் சாயம் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. ஒரு இடத்தில் பழுப்பு, ஒரு இடத்தில் வெளுப்பு. அவள் கை வேலையில் இப்படி ஒரு வலையும் வந்ததில்லை. அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வேலம்பட்டையை இடித்துப் போட்டு, முள் விறகை அள்ளித் திணித்து, ரயில் பட்டையை அடியில் அமுக்கிவிட்டு, பிள்ளைகளுக்குச் சோறு போட உள்ளே போனாள். காற்றுக்கு அடுப்பு உலைபோல எரிந்தது. அவள் திரும்பி வரும்போது கொப்பரையில் தண்ணீர் வற்றி, அடியில் சக்கை குழம்பாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

குச்சியால் தூக்கி எடுத்தாள். நல்ல நிறம் ஏறியிருந்தது. அந்த ஒரு நொடிக்கு அவளுக்கு மகிழ்ச்சிதான். ஆற வைத்துக் கையில் எடுத்ததும்தான் தெரிந்தது. துணிபோல மடங்கியது இப்போது பனைநார்போல விறைத்து நின்றது. கொப்பரையின் அடியில் பட்ட இடத்தில், உள்ளங்கை அளவுக்கு, அரக்கு உருக்கி ஊற்றினதுபோல வழவழவென்று இறுகியிருந்தது. நகத்தால் தட்டினால் டிக்கென்று சத்தம் வந்தது. வெள்ளைப் பட்டையின் பக்கத்தில் நீட்டிப் போட்டாள். சாண் அளவுக்குக் குட்டையாகிவிட்டது.

மற்றதை அவள் தொடவில்லை. சேலை மடித்து வைக்கிற பெட்டியில் அதை வைத்து மூடினாள். பிறகு பழுப்புப் பட்டையை மடியில் போட்டுக்கொண்டு கொப்பரைப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சகாயம் பொழுது சாய வந்தான். பார்த்ததும் அவனுக்கு முதலில் புரியவில்லை.

“இது யாரோட வாரு?”

“நம்ம பட்டைதான்.”

“நம்ம பட்டையா? வெள்ளையால்ல இருந்துச்சு?”

“பட்டை போட்டேன்.”

அவன் அதை வாங்கி நீட்டிப் பார்த்தான், மடக்கிப் பார்த்தான், இறுகின இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினான். அப்படியே மணலில் உட்கார்ந்தான்.

“அடிப்பாவி. ஒன்னிய யாரு இத அவிக்கச் சொன்னா?”

“நீங்கதான் சொன்னீக.”

“நானா?”

“வலை கணக்கா பேணுன்னீகளா இல்லையா? வலையப் பேணுறதுன்னா என்ன செய்வாக? கழுத்துல மாலையாப் போடுவாகளா?”

“ஏ புள்ள, பத்திரமா வச்சுக்கன்னு சொன்னா அதுக்கு இப்பிடியா அர்த்தம்?”

“பத்திரமா வைக்கணும்னா பத்திரமா வையின்னு சொல்லணும். வலைன்னு எதுக்குச் சொன்னீக?”

சொன்னது அவன்தான். அவள் செய்தது அந்தத் தெருவில் எந்தப் பெண்பிள்ளையும் செய்திருக்கக் கூடியது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோபப்படுவதுபோல ஒரு கொடுமை வேறில்லை. அவன் எழுந்து போய்க் கஞ்சிப் பானையைத் திறந்து பார்த்து, குடிக்காமல் மூடிவிட்டு வந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: “மேரி, மத்ததையும் அவிச்சுப்புட்டா என்ன?”

“என்னது?”

“ரெண்டும் ஒரே நெறம், ஒரே நீளம் ஆயிரும். உப்புக்குத் தாங்கட்டும்னு பட்டை போட்டோம், கடக்கரையில வழக்கம்னு சொல்லிருவேன். சார்ஜ்மேனு ஒருதரந்தான பாத்தாரு. அவருக்கு நீளமா ஞாபகமிருக்கப் போவுது?”

அருள்மேரி யோசித்தாள். அவள் ஒன்றும் புனிதவதி அல்ல. அந்த யோசனை அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. வீடு, பாஸ், பிள்ளைகள் எல்லாம் கண்முன்னால் வந்தன. எழுந்து கொப்பரையில் தண்ணீர் ஊற்றினாள். முள் விறகை முறித்துத் திணித்தாள். ஊதுகுழலை எடுத்து ஊதினாள். தீ பிடித்து எழுந்தபோதுதான் அந்தக் கேள்வி அவளுக்கு வந்தது.

“ஏங்க, தூக்கையில அடியில ஆளு நிக்குமா?”

“நிக்காம? எஞ்சினுக்கு அடியில குழி இருக்குல்ல, அதுக்குள்ள ஒருத்தன் குந்தியிருந்து மோட்டாரு மூக்கப் பிடிச்சுத் திருப்பிவிடணும். இல்லாட்டி பாரம் உருண்டுரும். மேலருந்து கயிறு கட்டி இழுக்கத் தோதில்ல.”

“யாரு குந்துறது?”

சகாயம் ஒரு முள்ளை முறித்து அடுப்பில் போட்டான்.

“யாருன்னு கேட்டேன்.”

“சந்தியாகுதான். ஒல்லியா இருக்கான்ல. எப்பவும் அவந்தான்.”

அருள்மேரி ஊதுகுழலைக் கீழே வைத்தாள். ஆத்தா செத்தபோது சந்தியாகு தவழ்கிற பிள்ளை. இடுப்பில் தூக்கித் தூக்கி அவளுக்கு ஒரு பக்கம் சாய்ந்த நடையே வந்துவிட்டது. அவள் குடத்தில் மிச்சமிருந்த நல்ல தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினாள். புகையும் சாம்பலும் எழுந்து இரண்டு பேர் மேலும் விழுந்தன.

“திங்கக்கெழம மொத வேலையா சார்ஜ்மேன்கிட்ட நடந்ததச் சொல்லிருங்க” என்றாள். “வேலையிலருந்து நிப்பாட்டுனா நிப்பாட்டட்டும்.”

“சொல்றேன்” என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் அவள் சந்தியாகைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“பட்டையவா அவிச்ச? கொழம்பு வச்சியா? உப்புப் போட்டியா?”

“ஏலே, வெளையாடாத. நீ நாளைக்கு அந்தக் குழியில எறங்கக் கூடாது.”

“அக்கா, புயல்ல பனமரத்தக் கட்டிப் பிடிச்சுக் கெடந்து பொழச்சு வந்தவன் நான். இந்தப் பட்டை அந்து விழுந்தா சாகப் போறேன்?”

“பனமரத்த நான் அவிக்கலடா” என்றாள் அருள்மேரி. அவன் அதற்கும் சிரித்தான். அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்போதுதான் அவன் சிரிப்பை நிறுத்தினான்.

“சரி, அழுவாத. மச்சான் சொல்லிரும்ல. பெறகென்ன?”

திங்கட்கிழமை சகாயம் விடியுமுன்னே பட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கஞ்சித் தூக்கை விட்டுவிட்டுப் போயிருந்தான். மறந்து போனானா, அவள் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போனானா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அவளுக்கு அது சாக்காயிற்று. தூக்கை எடுத்துக்கொண்டு பாம்பனுக்கு நடந்தாள். காற்று எதிரே அடித்தது. சேலையைப் பிடிப்பதா, தூக்கைப் பிடிப்பதா என்று தெரியாமல் ரோட்டில் மணலோடு மல்லுக்கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

யார்டில் எஞ்சின் ஒரு பக்கம் தூக்கி நிறுத்தி, வயிறு திறந்து கிடந்தது. பக்கத்தில், எஞ்சினுக்கு அடியிலிருந்து நீண்டு வரும் குழிக்கு மேலே மூன்று இரும்புக் கால்களை நட்டுச் சங்கிலிக் கப்பி தொங்கவிட்டிருந்தார்கள். வண்டியிலிருந்து உருட்டிக் கொண்டுவந்த சக்கரச் சோடி, நடுவில் மோட்டாரோடு, சினைப்பட்ட எருமைபோலப் பெருத்துக் கிடந்தது. அதன் அச்சில் ஒரு பக்கம் வெள்ளைப் பட்டையும் ஒரு பக்கம் பழுப்புப் பட்டையும் மாட்டியிருந்தன. பழுப்புப் பட்டையின் காதில் ஓர் இரும்பு வளையத்தைக் கோத்து நீளத்தைச் சரிக்கட்டியிருந்தார்கள்.

மதார் மேஸ்திரி அவளைப் பார்த்துவிட்டார். “வா தங்கச்சி. ஒம் புருசன் கெட்டிக்காரந்தான். சார்ஜ்மேனு பாராட்டுறாரு.”

“எதுக்குண்ணே?”

“உப்புக்குத் தாங்கட்டும்னு ஒரு பட்டைக்கு வேலம்பட்டை போட்டுப் பாத்துருக்கான்ல. அது நல்லா இருந்தா மத்ததுக்கும் போடலாம்னான். சார்ஜ்மேனுக்கு ரொம்ப சந்தோசம்.”

அருள்மேரி திரும்பிப் பார்த்தாள். சகாயம் கப்பிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சங்கிலியில் இல்லாத துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சந்தியாகு குழியின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் அக்காவைப் பார்த்துச் சிரிக்க முயன்றான், முடியவில்லை.

அவள் தூக்கை மணலில் வைத்தாள். சார்ஜ்மேன் ஈஸ்வரமூர்த்தி எஞ்சின் மறைவில் கைக்குட்டையால் முகத்து மணலைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான். ஊரை விட்டு வந்து இந்தக் காற்றிலும் மணலிலும் கிடந்து, மேலேயிருந்து நாளைக்கொரு தந்தி வாங்கிக்கொண்டிருந்தார். அவள் நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

“அய்யா, நான் சகாயம் பொஞ்சாதி. அந்தப் பட்டைய நாந்தான் கெடுத்தேன்.”

“கெடுத்தியா? சாயம்தானம்மா போட்டிருக்கு.”

“இல்லய்யா. தெரியாத்தனமா அவிச்சுப்புட்டேன். தண்ணி வத்தி, அடியில காந்திருச்சு. சாண் அளவு சுருங்கிப் போச்சு. இந்தா, இந்த எடத்தப் பாருங்க.”

அவளே போய் இறுகின இடத்தைத் தொட்டுக் காட்டினாள். சார்ஜ்மேன் குனிந்து நகத்தால் தட்டிப் பார்த்தார். சகாயத்தை ஒரு பார்வை பார்த்தார். அவன் தலையை நிமிர்த்தவில்லை.

“அதனாலதான் நீளம் வித்தியாசமா?”

“ஆமாங்கய்யா.”

அவர் எஞ்சினைப் பார்த்தார். அதற்குப் பின்னால் வரிசையாக நின்ற ஜல்லி வண்டிகளைப் பார்த்தார். “மேலாகத்தான் காந்தியிருக்கு. உள்ள நூல் நல்லாத்தான் இருக்கும். இது பருத்தி இல்லம்மா, நைலான். கப்பலையே கட்டி இழுக்கிறது. வேற பட்டை மெட்ராஸ்லேருந்து வரணும், எப்ப வரும்னு எனக்கே தெரியாது. கம்பி வடம் போட்டா மறுபடி கீறும். இன்னைக்கு இந்தச் சக்கரம் மாட்டியாகணும். மதார், காந்தின இடம் கொக்கிப் பக்கமா வர்ற மாதிரி திருப்பிப் போடு. மெதுவா ஏத்து.”

“சார், ஆளு அடியில இருக்கணுமே” என்றார் மதார்.

“இருக்கட்டும். தாங்கும்.”

சந்தியாகு எழுந்தான். இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டினான். குழிக்குள் ஒரு காலை வைத்தபோது சகாயம் வந்து அவன் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

“நீ தள்ளு மாப்ள. நான் எறங்குறேன்.”

“மச்சான், ஒனக்குக் குழி பத்தாது.”

“பத்தும். தள்ளுலே.”

அவன் முகம் கன்றிச் சிவந்திருந்தது. பொண்டாட்டி வந்து ஊர் முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டாள், அவன் சொல்லவில்லை. இனி அவனுக்கு அந்தக் குழியைத் தவிரப் போக இடமில்லை. அவன் அருள்மேரியின் பக்கம் திரும்பாமலே இறங்கப் போனான்.

தம்பியைக் காப்பாற்ற வந்தவள் அவள். இப்படி ஆகுமென்று நினைக்கவில்லை. இரண்டே எட்டில் ஓடிவந்து, சகாயத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, சேலையை முழங்காலுக்கு மேலே வழித்துச் சொருகி, குழிக்குள் குதித்தாள். கிரீசும் உப்புத் தண்ணீரும் கணுக்கால் வரைக்கும் நின்றன. சரியாகக் கொக்கிக்கு நேர் கீழே, நடுக்குழியில், சம்மணம் கூட்டி உட்கார்ந்தாள்.

“மதாரண்ணே, இழுங்க.”

“தங்கச்சி, என்ன இது?”

“அவிச்சவ நாந்தான? நானே இருக்கேன். மோட்டாரு மூக்கப் பிடிக்கணும், அவ்வளவுதான? கொப்பரையப் பிடிச்ச கையிதான், பிடிச்சுக்குவேன். இழுங்க.”

மதார் மேஸ்திரி கையிலிருந்த சங்கிலியை விட்டுவிட்டார். “யா அல்லா. சார், பொம்பளப்புள்ள அடியில உக்காந்துருக்கு. எங்கையால இழுக்க மாட்டேன்.”

“ஏய், மேலே வாடி” என்று சகாயம் விளிம்பில் மண்டியிட்டுக் கையை நீட்டினான். அவள் கையைத் தட்டிவிட்டாள். “அக்கா, வாக்கா” என்று சந்தியாகு கெஞ்சினான்.

சார்ஜ்மேன் குழியோரம் வந்து நின்றார். “எழுந்திரும்மா. இது என்ன ரகளை? தாங்கும்னு நான்தான் சொல்றேனே.”

“தாங்கும்னா இழுக்கச் சொல்லுங்கய்யா.”

அவர் மதாரைப் பார்த்தார். இழு என்ற அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

“இங்க பாரு” என்றார் பிறகு. வெயிலுக்கும் கோபத்துக்கும் அவர் கழுத்து வேர்த்து ஊற்றியது. “நீ இப்ப எழுந்து வரலேன்னா உன் புருஷனுக்கு இங்க வேலை இல்ல. இன்னையோட சரி.”

அருள்மேரி அண்ணாந்து பார்த்தாள். அவர் முகத்துக்குப் பின்னால் பட்டையும் கொக்கியும் தெரிந்தன.

“சரிங்கய்யா” என்றாள்.

காற்று மணலை வாரிக் குழிக்குள் கொட்டியது.

“நீங்க சொன்னது சரி. இவுக பொய் சொன்னாக, வேல போகும், ஞாயந்தான். நான் எந்திரிக்கிறேன். ஆனா அந்தப் பட்டைய மொதல்ல அறுத்துப் போடுங்க. அறுக்காமப் போனா நாளைக்கு வேற எவ புருசனாச்சும் இதுக்கு அடியில உக்காருவான்.”

சார்ஜ்மேன் தொப்பியைக் கழற்றி அதிலிருந்த மணலைத் தட்டினார். “மதார், பட்டையைக் கழட்டு. மெட்ராசுக்குத் தந்தி குடுக்கிறேன்.” எஞ்சின் பக்கம் திரும்பி நடந்தவர், நின்று, “அறுத்துடுங்க” என்றார்.

சகாயம்தான் அறுத்தான். இடுப்பில் செருகியிருந்த மீன் கத்தியை எடுத்தான். விறைத்துப்போன இடம் கத்தியை உள்ளே விடவில்லை. பட்டையை மிதித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அறுத்தான், அறுத்தான். மதார் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். கடைசி நூல் அற்றபோது சகாயம் கையெல்லாம் தோல் உரிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் அருள்மேரி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். சொருகியிருந்த சேலையை இறக்கிவிட்டுத் தூக்கை எடுத்தாள்.

கஞ்சியில் மணல் விழுந்திருந்தது. கொட்டிவிட்டு வெறும் தூக்கோடு அவளும் சகாயமும் அக்காள்மடத்துக்கு நடந்தார்கள். சகாயத்துக்கு வேலை போயிற்று; சந்தியாகு மட்டும் வேலையில் இருந்துகொண்டான். அவனையாவது விட்டு வையுங்கள் என்று மதார் சார்ஜ்மேனிடம் சொல்லியிருந்தார். காற்று இப்போது முதுகில் அடித்ததால் நடப்பது சிரமமாக இல்லை. சகாயம் உரிந்த கையை வேட்டியில் துடைத்துத் துடைத்து வேட்டியெல்லாம் இரத்தமாக்கிக்கொண்டான். அவள் முந்தானையைக் கிழித்து அவன் கையில் சுற்றிக் கட்டினாள்.

“அந்தச் சார்ஜ்மேனு சொன்னது நெசந்தான் மேரி” என்றான். “அறுக்கையில பாத்தேன். உள்ள நூலு வெள்ளையா, நல்லாத்தான் இருந்துச்சு.”

“ம்.”

“தாங்கிருக்கும்.”

“தாங்கிருக்கும்தான்.”

அவன் நின்றுவிட்டான். “தாங்கும்னு தெரிஞ்சா அப்புறம் எதுக்குடி வேலையத் தொலச்ச?”

அருள்மேரி முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள்.

“தாங்குதா இல்லையான்னு ஒங்கள அடியில வச்சுப் பாக்க எனக்கு மனசில்ல” என்றாள்.